எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு மறைந்திருக்கும் காசநோய் டெஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முடக்குவாதத்துக்கு (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) பயாலஜிக் என்ற, எதிர்ப்பு சக்தியின் ஒரு பகுதியைக் கட்டுப்படுத்தும் ஊசி போடுவதற்கு முன்னால், கிட்னி மாற்றுவதற்கு முன்னால், எச்ஐவி சிகிச்சை ஆரம்பிக்கும்போது என்று பல இடங்களில் டாக்டர்கள் காசநோய்ப் பேச்சை எடுக்கிறார்கள். வந்த ரிசல்ட்டைப் பார்த்துத் தேவையில்லாமல் பயந்துபோகிறவர்கள் உண்டு. அதைவிட ஆபத்து, நெகட்டிவ் என்ற ஒரு வார்த்தையைப் பார்த்ததும் ஃபைலை மூடி வைத்துவிடுகிறவர்கள். இரண்டு பேருக்காகவும்தான் இது.

எனக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. எதற்கு டிபி டெஸ்ட்?

இருமல், காய்ச்சல் இருப்பவர்களுக்குச் செய்வது சளிப் பரிசோதனை. அது காசநோயைக் கண்டுபிடிக்க. உங்களுக்கு எழுதிக்கொடுத்திருப்பது வேறு. எப்போதோ பஸ்ஸிலோ வீட்டிலோ வேலையிடத்திலோ மூச்சோடு உள்ளே போன காசநோய்க் கிருமி, உடம்பின் காவலில் அடங்கிப்போய் உயிரோடு உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. இதைத்தான் மறைந்திருக்கும் காசநோய்த் தொற்று என்கிறோம். இப்படி இருப்பவர் நோயாளி இல்லை. உடம்புக்கு எதுவும் செய்யாது, அடுத்தவருக்கும் ஒட்டாது.

நம் நாட்டில் இது அபூர்வமே இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று இருப்பது தெரியவந்தது. இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆகாது. நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு மட்டும் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும். ஆனால் அது எதிர்ப்பு சக்தி நன்றாக இருப்பவர்களுக்கான கணக்கு. சிகிச்சை எடுக்காத எச்ஐவி உள்ளவருக்கு ஒவ்வொரு வருடமும் அந்த ஆபத்து 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்பது மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு. வாழ்நாளுக்கான ஆபத்து ஒரே வருடத்துக்குள் வந்து நிற்கிறது. அதனால்தான் இந்த டெஸ்டை ஊருக்கெல்லாம் செய்யாமல் உங்களைத் தேடிச் செய்கிறார்கள்.

மூட்டு வலிக்குப் போடும் ஊசிக்கும் காசநோய்க்கும் என்ன சம்பந்தம்?

நேரடி சம்பந்தம் இருக்கிறது. உள்ளே வந்த கிருமியை வெள்ளணுக்கள் சுற்றி வளைத்து ஒரு சின்ன முடிச்சுக்குள் அடைத்து வைக்கின்றன. அந்த முடிச்சு கலையாமல் இருக்க டிஎன்எஃப் என்ற புரதம் வேண்டும். மூட்டை அழிக்கிற வீக்கத்தைத் தூண்டுவதும் அதே டிஎன்எஃப்தான். இன்ஃபிளிக்சிமாப், அடாலிமுமாப் மாதிரி ஊசிகள் அதைக் கட்டிப்போடுகின்றன. மூட்டு தணிகிறது, கூடவே கிருமியை அடைத்திருந்த முடிச்சும் தளர்கிறது.

இது வெறும் கோட்பாடாகச் சொல்வது அல்ல. இன்ஃபிளிக்சிமாப் 1998-ல் சந்தைக்கு வந்தது. 2001-க்குள் அதைப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தகவல் வந்து சேர்ந்தது. அதில் 48 பேருக்கு மூன்று அல்லது அதற்கும் குறைவான டோஸிலேயே நோய் வந்திருந்தது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே. அந்த வருடம்தான் மருந்தின் மேல் கடும் எச்சரிக்கை ஏறியது, ஊசிக்கு முன்னால் காசநோய் டெஸ்ட் என்ற வழக்கமும் அதிலிருந்து உறுதியானது. எட்டனர்செப்ட் என்ற ஊசியில் இந்த ஆபத்து மற்ற இரண்டையும் விடக் குறைவு; ஆனாலும் டெஸ்ட் உண்டு. இதே மூட்டு நோய்க்குத் தரும் டோஃபாசிடினிப் மாதிரி மாத்திரை என்றாலும் அதேதான். "மாத்திரைதானே" என்று டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேறு யாரெல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள்?

எச்ஐவி உள்ளவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், கிட்னி, கல்லீரல், எலும்பு மஜ்ஜை மாற்றியவர்கள் அல்லது மாற்றக் காத்திருப்பவர்கள், புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர்கள், குடல் அழற்சிக்கும் சொரியாசிஸுக்கும் பயாலஜிக் போடுபவர்கள். அப்புறம் எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு கூட்டம்: தினமும் 15 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை ஒரு மாதத்துக்கு மேல் விழுங்குபவர்கள். ஸ்டீராய்டு மலிவு, சில நேரம் சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் கைக்கு வந்துவிடுகிறது, அதனால் அதை யாரும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தாகவே நினைப்பதில்லை. நினைக்க வேண்டும். கல்குவாரி வேலையில் சிலிக்கா தூசியால் நுரையீரல் கெட்டவர்களும் இந்த வரிசையில் உண்டு.

மான்டூ டெஸ்ட் என்றால் என்ன? கையில் சிவந்திருக்கிறது, அது பாசிட்டிவா?

முன்கையின் தோலுக்குள் 0.1 மி.லி. டியூபர்குலின் மருந்தை (காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதம்) ஏற்றுவார்கள், ஒரு சின்னக் கொப்புளம் மாதிரி எழும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். சிவப்பை அளக்கவே கூடாது; விரலால் தடவினால் தட்டுப்படும் தடிப்பைத்தான், கையின் குறுக்குவாட்டில், மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். வெறும் சிவப்பு என்றால் அது பாசிட்டிவ் இல்லை.

பொதுவாக 10 மி.மீ. தொட்டால் பாசிட்டிவ். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 5 மி.மீ. போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனையோ ரிப்போர்ட் "நெகட்டிவ்" என்ற முத்திரையோடு வருகிறது. முடக்குவாதத்துக்கு ஊசி போடப்போகிறவருக்கு 7 மி.மீ. தடிப்பு இருந்தால் அவரைப் பொறுத்தவரை அது பாசிட்டிவ்தான். ஆகவே ரிப்போர்ட்டில் எத்தனை மி.மீ. என்று எண்ணாக எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், ஒன்றுமே இல்லை என்றால் 0 மி.மீ. என்று எழுதட்டும்.

ஊசி போட்ட இடத்தைச் சொறிய வேண்டாம், களிம்பு தடவ வேண்டாம், குளிக்கலாம். வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டால் 48 மணி நேரம் ஞாயிற்றுக்கிழமையில் போய் விழும், லேப் பூட்டியிருக்கும். திங்களோ செவ்வாயோ போடுவது நல்லது. தட்டம்மை மாதிரி உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி போட்டிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் தள்ளிச் செய்ய வேண்டும், அல்லது இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் தடிப்பு சரியாக எழாது.

பிறந்தபோதே பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். அதனால்தான் பாசிட்டிவ் காட்டுகிறதோ?

கொஞ்சம் வாய்ப்பு உண்டு, ஆனால் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. டியூபர்குலின் பல புரதங்களின் கலவை, அதில் சில பிசிஜி கிருமியிலும் உண்டு. பிறந்த உடனே போட்ட பிசிஜியின் தாக்கம் வருடங்கள் போகப்போக மான்டூவில் மங்கிவிடும். நாற்பது வயதுக்காரருக்கு 15 மி.மீ. வந்தால் அதைத் தோளில் இருக்கும் தழும்பின் மேல் போட முடியாது.

பிசிஜி போட்டிருந்தால் காசநோய் வராது என்ற நம்பிக்கையும் தவறு. 1968-ல் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளுக்கு மூளைக் காசநோய் மாதிரி கொடிய வகைகளிலிருந்து அது காப்பாற்றுகிறது, அதற்காகத்தான் இன்றும் போடுகிறோம்.

இக்ரா என்று ஒரு ரத்த டெஸ்ட் சொல்கிறார்களே, அது இன்னும் நல்லதா?

பிசிஜி குழப்பம் அதில் இல்லை. காசநோய்க் கிருமியில் இருந்து பிசிஜியில் இல்லாத இரண்டு புரதங்களை உங்கள் ரத்தத்தோடு கலந்து வைப்பார்கள். இந்தக் கிருமியை ஏற்கனவே சந்தித்த வெள்ளணுக்கள் ரத்தத்தில் இருந்தால் அவை இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும், அதை அளப்பதுதான் டெஸ்ட். ஒரே தடவை ரத்தம் கொடுத்தால் போதும், திரும்பப் போய்க் கையைக் காட்டும் வேலை இல்லை. குவான்டிஃபெரான் கோல்டு பிளஸ் என்பது இங்கே அதிகம் செய்யப்படுவது. நான்கு குழாய்களில் ரத்தம் எடுப்பார்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 1 மி.லி. ரிப்போர்ட்டில் 0.35 என்ற எண்ணைச் சுற்றித்தான் பாசிட்டிவ், நெகட்டிவ் தீர்ப்பு. 0.33 வந்திருக்கிறது, அதனால் நெகட்டிவ் என்று விட்டுவிடாதீர்கள், 0.36-ஐப் பார்த்து அலறவும் வேண்டாம். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற எண்களை எக்ஸ்ரேயோடும், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற கேள்வியோடும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

விலை அதிகம், அதுதான் குறை. ரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் லேபில் பதப்படுத்த வேண்டும், தாமதமானால் வெள்ளணுக்கள் சோர்ந்துபோய் ரிசல்ட் கெட்டுவிடும். அதனால் சின்ன ஊர் சேகரிப்பு மையத்தில் கொடுப்பதாக இருந்தால், மாதிரி எத்தனை மணிக்கு அனுப்பப்படுகிறது என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். மான்டூ, இக்ரா இரண்டும் செய்வதாக இருந்தால் முதலில் ரத்தம், அப்புறம் கை ஊசி.

ஒரு எச்சரிக்கை. ரத்தத்தில் காசநோய் ஆன்டிபாடி பார்க்கும் பழைய டெஸ்ட்கள் இருந்தன, ஐஜிஜி, ஐஜிஎம் என்று. அவை நம்பத்தகாதவை என்று 2012-ல் இந்திய அரசு தடை செய்துவிட்டது. யாராவது அதை எழுதினால் மறுத்துவிடலாம்.

சை-டிபி என்பது புதிதாக வந்த ஊசியா?

ஆமாம். இக்ராவில் பயன்படும் அதே இரண்டு புரதங்களை மான்டூ மாதிரி தோலில் ஏற்றுவது. பூனாவில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது, 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த வகை டெஸ்ட்களை ஏற்றுக்கொண்டது. இதில் எல்லோருக்கும் 5 மி.மீ.தான் கோடு, பிசிஜி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும். இக்ராவின் துல்லியம் கிட்டத்தட்ட கிடைக்கிறது, அதற்கான லேப் தேவையில்லை என்பது நம் மாதிரி நாட்டுக்குப் பெரிய விஷயம்.

இக்ரா ரிப்போர்ட்டில் "இன்டிடர்மினேட்" என்று வந்திருக்கிறது. பாசிட்டிவா, நெகட்டிவா?

இரண்டும் இல்லை. நான்கு குழாய்களில் ஒன்றில் எந்த வெள்ளணுவையும் உசுப்பிவிடும் மருந்து இருக்கும். அதற்கே உங்கள் செல்கள் எழுந்திருக்கவில்லை என்றால், காசநோய்ப் புரதத்துக்கு எழாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு அதிகமாக எடுப்பவர்களுக்கும், எச்ஐவியில் சிடி4 என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை மிகவும் இறங்கியவர்களுக்கும் இப்படி வரும். லேப் தவறாலும் வரும். ஒரு தடவை புது ரத்தம் கொடுத்துப் பாருங்கள், மறுபடி அப்படியே வந்தால் தோல் டெஸ்ட் செய்யலாம், அதற்குள் மற்ற விவரங்களை வைத்து டாக்டர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். இதை நெகட்டிவ் என்று படித்துவிட்டு ஊசி போட ஆரம்பிப்பதுதான் நடக்கவே கூடாத காரியம்.

சரி, நெகட்டிவ் வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மான்டூ, இக்ரா, சை-டிபி மூன்றுமே கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை உங்கள் உடம்பு நினைவு வைத்திருக்கிறதா என்றுதான் கேட்கின்றன. பதில் சொல்ல வேண்டியது எதிர்ப்பு சக்தி. உங்களுக்குக் குறைந்திருப்பதே அதுதான். ஆகவே கிருமி இருந்தும் டெஸ்ட் நெகட்டிவ் ஆவது, யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்கே அதிகம் நடக்கிறது. பாசிட்டிவை நம்பலாம், நெகட்டிவை விசாரிக்க வேண்டும்.

என்ன விசாரிப்பது? வீட்டில், ஹாஸ்டலில், பக்கத்து மேசையில் யாருக்காவது காசநோய் இருந்ததா? சின்ன வயதில் நெறி கட்டி மாத்திரை சாப்பிட்டதுண்டா? அம்மாவைக் கேட்டால் சில சமயம் ஆறு மாதம் மருந்து கொடுத்த கதை வெளியே வரும். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு, சுண்ணாம்பு படிந்த புள்ளி இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும், டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும், தொற்று நோயாக மாறாமல் இருக்கச் சாப்பிடும் தடுப்பு மருந்து பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு மான்டூவும் இக்ராவும் இரண்டையும் செய்து, ஏதாவது ஒன்று பாசிட்டிவ் என்றாலும் பாசிட்டிவாகவே எடுத்துக்கொள்ளும் டாக்டர்கள் இருக்கிறார்கள். செலவு கூடும்தான், ஆனால் அது சரியான வழி என்பது என் கருத்து.

எந்த நேரத்தில் டெஸ்ட் எடுப்பது நல்லது?

முடக்குவாதம் மாதிரி நோய் உறுதியான உடனே, ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் ஏறுவதற்கு முன்னால். பயாலஜிக் ஊசி போட முடிவு செய்கிற நாளுக்காகக் காத்திருக்கிறார்கள், அதற்குள் ஆறு மாதம் பிரட்னிசலோன் உள்ளே போயிருக்கும். கிட்னி மாற்றத்துக்குப் பெயர் பதிந்தவர்கள் காத்திருக்கும் காலத்திலேயே செய்துவிட வேண்டும், தடுப்பு மருந்தையும் முடிந்தால் அப்போதே தொடங்கிவிடலாம். ஏற்கனவே ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் டெஸ்டுக்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது வேறு ஆபத்து. என்ன மருந்து, எத்தனை மி.கி. என்று லேப் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

பாசிட்டிவ். அடுத்து என்ன?

முதலில், இது நோயாகவே மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மறைந்திருக்கும் தொற்றையும் முழு நோயையும் பிரித்துக் காட்டும் திறமை இந்த மூன்று டெஸ்டுக்கும் கிடையாது. எக்ஸ்ரே, இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை பற்றிய கேள்விகள், கழுத்திலும் அக்குளிலும் நெறி இருக்கிறதா என்ற சோதனை, சந்தேகம் இருந்தால் சளியோ ஸ்கேனோ. இதைத் தாண்டிக் குதித்துத் தடுப்பு மாத்திரையை ஆரம்பித்தால், உண்மையில் நோய் இருந்த பட்சத்தில், நான்கு மருந்து கொடுக்க வேண்டிய இடத்தில் ஒன்று கொடுத்ததாகிவிடும். கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து. பயாலஜிக்கை அதற்காக ஆறு மாதம் ஒத்திப்போட வேண்டியதில்லை, குறைந்தது ஒரு மாதம் தடுப்பு மருந்து சாப்பிட்ட பிறகு பொதுவாக ஆரம்பிக்கிறார்கள்.

எச்ஐவி உள்ள என் தம்பிக்கு டெஸ்டே செய்யாமல் மாத்திரை கொடுத்துவிட்டார்களே?

சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஏஆர்டி மையத்தில் (அரசின் எச்ஐவி சிகிச்சை மையம்) இருமல், காய்ச்சல், எடைக்குறைவு, இரவு வியர்வை நான்கையும் கேட்டிருப்பார்கள், எதுவும் இல்லை என்றால் நோய் இருக்க வாய்ப்பு குறைவு. அவருக்கு மான்டூவில் நெகட்டிவ் வந்தாலும் நம்ப முடியாது, டெஸ்ட் கிடைக்காத ஊரில் அதற்காகக் காத்திருந்தால் மருந்து தள்ளிப்போகும். அதனால் இந்தியாவிலும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலிலும் இவர்களுக்கு டெஸ்ட் கட்டாயம் இல்லை.

எத்தனை மாதம் மாத்திரை? கல்லீரல் கெட்டுவிடும் என்கிறார்களே?

பெரியவர்களுக்கு ஐசோனியசிட் 300 மி.கி. தினமும் ஆறு மாதம் என்பது பழைய வழி, கூடவே கை கால் மதமதப்பு வராமல் இருக்க வைட்டமின் பி6. புதிய வழி, ஐசோனியசிடும் ரிஃபாபென்டைனும் சேர்த்து வாரம் ஒரு முறை, மொத்தம் 12 தடவை. முடித்துவிடுகிறவர்கள் இதில் அதிகம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அது ஆபத்தில்லை.

கல்லீரல் பயம் நியாயமானது. மது குடிப்பவர்கள், வயதானவர்கள், ஏற்கனவே மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்சேட்டோ லெஃப்ளுனமைடோ எடுப்பவர்கள் ஆரம்பத்திலும் இடையிலும் கல்லீரல் டெஸ்ட் செய்துகொள்ள வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை, குமட்டுகிறது, சிறுநீர் டீ மாதிரி அடர்ந்திருக்கிறது என்றால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்க வேண்டாம். இந்தக் காலத்தில் மது கூடவே கூடாது.

ரிஃபாபென்டைனும், அதே வகையைச் சேர்ந்த ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தும் மற்ற மருந்துகளைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, பிரட்னிசலோன், சில எச்ஐவி மருந்துகள் எல்லாம் அதில் அடக்கம். மாற்றிய கிட்னியை உடம்பு ஒதுக்காமல் காப்பதே டாக்ரோலிமஸ் அளவுதான், அது இறங்கினால் கிட்னி போய்விடும். அதனால் மாற்று அறுவை ஆனவர்களுக்குப் பெரும்பாலும் ஐசோனியசிட்தான். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். வீட்டில் இருந்தவருக்கு வந்தது மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால் அதையும் சொல்லுங்கள், தடுப்பு மருந்தே மாறும்.

மருந்து முடிந்ததும் மறுபடி டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொள்ளலாமா?

வேண்டாம். உடம்பின் நினைவு எளிதில் அழியாது, கிருமி செத்த பிறகும் பெரும்பாலும் பாசிட்டிவ்தான் காட்டும். மருந்து முடித்ததற்கான சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த டாக்டருக்கு அது போதும்.

எங்கே போவது?

அரசு காசநோய்த் திட்டத்தில் தடுப்பு மருந்து இலவசம், தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்களும் வாங்கலாம். 1800-11-6666 என்ற கட்டணமில்லா நிக்ஷய் எண்ணில் கேட்டால் பக்கத்து மையம் எது என்று சொல்வார்கள்.

பயாலஜிக் ஊசி போட ஆரம்பித்துவிட்டேன். இனி எதைக் கவனிக்க வேண்டும்?

நம் ஊரில் கிருமி பழையதாகவே இருக்க வேண்டும் என்றில்லை, நாளைக்குப் புதிதாகவும் ஒட்டலாம். தடுப்பு மருந்து சாப்பிட்டவருக்கும் அது பொருந்தும். எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு வரும் காசநோய் இருமலோடு வர வேண்டும் என்ற சட்டமும் இல்லை. கழுத்தில் நெறி, வயிற்றில் நீர், விடாத முதுகு வலி, காரணம் தெரியாத சாயங்காலக் காய்ச்சல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிற எடை, எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும்கூட. இரண்டு வாரத்துக்கு மேல் இதில் எது இருந்தாலும் இன்ன மருந்து எடுக்கிறேன் என்று முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு லீவோஃப்ளாக்சசின் மாதிரி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அது காசநோயையும் கொஞ்ச நாள் அமுக்கி வைத்துக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டுவிடும். அடுத்த ஊசிக்கான தேதி வந்துவிட்டது என்பதற்காகக் காய்ச்சலோடு போய்ப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம், என்ன காய்ச்சல் என்று தெரிகிற வரை அதை ஒத்தி வைக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.